பசைத்தாள் படகு மலையேறியது

ஆனைக்குட்டம் அணையில் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஒரு சித்திரை மாதத்தில், ஆமத்தூர் பாண்டிமீனா செய்த படகு அளவுகோலின் பதினோராவது அடியில் மிதந்தது. கீழே பாளம் பாளமாக வெடித்த வண்டல், அதற்கு மேல் பதினோரு அடி வெறும் காற்று, அதற்கும் மேல் படகு. அணைக் காவலர் வழக்கம்போலக் காலை ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, நோட்டில் "நீர்மட்டம் இல்லை" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அதற்குக் கீழே "படகு 11 அடி" என்று சேர்த்தார். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அந்தப் பக்கம் மேய வந்த ஆடுகள் படகின் நிழலில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. பார்க்க வந்தவர்கள், தண்ணீர் இல்லாத இடத்திலேயே இப்படி மிதக்கிற படகு தண்ணீரில் எப்படி மிதக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் சோதித்துப் பார்க்க வேறு இடமும் இல்லை. வெம்பக்கோட்டை அணையில்கூட அப்போது நாய் குடிக்கிற அளவுக்குத்தான் கிடந்தது. ஆகவே பாண்டிமீனா படகு நன்றாக வந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, கயிறு போட்டு அதைக் கீழே இழுக்கச் சொன்னாள்.

படகு அவள் புருஷன் செல்லப்பாண்டிக்காகச் செய்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தான். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் பக்கத்து அறை வெடித்தது. அறையில் யாரும் இல்லை, அவன் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த வெடிப்பின் சூடு அவனுக்குள் போய், திரும்ப வெளியே வராமல் தங்கிவிட்டது. முதலில் தலையணை உறை பழுப்பாகியது. பிறகு சட்டைக் காலர் கருகியது. அவன் கையில் கொடுத்த மோர் திரிந்தது. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நாற்காலி புகைந்தது. வேறு ஊராக இருந்தால் வேடிக்கை பார்த்திருப்பார்கள். சுற்றிலும் பதினான்கு பட்டாசுக் கம்பெனி இருக்கிற ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி ஜெயச்சந்திரன் தானே தெருவுக்கு வந்து, வாசலில் இருந்து இருபதடி தள்ளி நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, உன் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா நீ இந்தத் தெருவுல நடந்து போற அன்னைக்கெல்லாம் நான் ஐநூறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கு. சீசன் வேற. எங்கனயாவது ஈரமான ஊராப் பாத்துப் போயிரு."

செல்லப்பாண்டி மறுநாள் ஒரு தண்ணீர் லாரியின் உள்ளே, கழுத்தளவு நீரில் நின்றபடி ஊரைவிட்டுப் போனான். வத்தலக்குண்டுக்கு மேலே, பண்ணைக்காட்டையும் தாண்டி இருக்கிற கருங்குவளை ஏரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. சுற்றுலா வருகிறவர்களின் மிதிபடகுகளைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுவதும், திரும்பி வரும்போது பிடித்து இழுப்பதும் வேலை. முழங்கால் தண்ணீருக்குள் இருக்கும் வரை அவன் மற்ற மனிதர்களைப் போலவே இருந்தான், உள்ளங்கைச் சூடு மட்டும் தணியவில்லை. கரையேறிய சற்று நேரத்திலேயே காலடிப் புல் கருகத் தொடங்கும். கரையோரம் கழுத்தளவு ஆழத்தில் ஒரு கல் இருந்தது. அதில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டான்.

பாண்டிமீனா ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு ஒருமுறையும் தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கும்போது ஒருமுறையும், பேருந்தில் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் கரையில் நிற்பாள். அவன் தண்ணீரில் நிற்பான். இடையில் இரண்டு கை நீளம் இருக்கும். ஒருமுறை எட்டி அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம் வந்தது. ஊருக்கு வந்து அவள் அதற்கு மருந்து போடவில்லை. பன்னிரண்டு நாள், சாப்பிடும் நேரம் தவிர, அந்தக் கையை மூடியே வைத்துக்கொண்டு இடது கையால் எல்லா வேலையும் செய்தாள். பதின்மூன்றாம் நாள் தோல் உரிந்து விழுந்தபோது, யாரோ ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டதைப் போல அழுதாள்.

அந்த ஆண்டு தை மாதம் அவன் போனில் ஒரு விஷயம் சொன்னான். ஏரிப் படகுகளை எல்லாம் ஐந்தரை மணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆனால் சொந்தப் படகு வைத்திருக்கும் வேலையாள், கிழக்கு மூலையில் அதைக் கட்டிக் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம் என்று குத்தகைக்காரர் சொல்லியிருக்கிறார்.

"தண்ணி மேல இருந்தா எனக்கு ஒண்ணும் செய்யாது மீனா. படகு ஒண்ணு மட்டும் இருந்தா நீ வந்துரலாம்."

அவன் அதை ஏக்கமாகத்தான் சொன்னான். அவள் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டாள்.

ஆமத்தூரில் அதுவரை யாரும் படகு செய்ததில்லை. செல்லப்பாண்டி அனுப்பிய புகைப்படம் ஒன்று போனில் இருந்தது. அது முன்பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தது. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் பின்னாலும் முன்பக்கத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எதனால் செய்வது என்ற கேள்வி எழவே இல்லை. பதினாறு வயதிலிருந்து பாண்டிமீனா வெடிக்குக் குழாய் சுற்றுகிறவள். தாளைப் பசை தடவிச் சுற்றி, வெயிலில் காயவைத்து, மறுபடி சுற்றினால் மரத்தைப் போல இறுகும் என்பது அவள் கைக்குத் தெரியும். சிவகாசி அச்சகங்களில் வீணான தாள்களை மூட்டை மூட்டையாக வாங்கி வந்தாள். நாட்காட்டிச் சாமிகள், தீப்பெட்டி லேபிள்கள், பள்ளி நோட்டு அட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சினாள். களிமண்ணைக் குவித்து அச்சு செய்து, அதன்மேல் நாளுக்கு ஓர் அடுக்காக அறுபது நாள் ஒட்டினாள். படகு பதினான்கு அடி நீளம் வந்தது. செல்லப்பாண்டியின் அக்காள் வெள்ளைத்தாய் தினமும் வேலை முடிந்து வந்து பசை தடவக் கூடமாட உதவினாள். முப்பது ஆண்டு குழாய் சுற்றியவள் அவள். பேச்சும் அந்த அளவுக்குக் கெட்டி.

"ஏ புள்ள, அவன் தொட்ட இடமெல்லாம் கருகுது. அவனுக்குப் போயி தாளுல வீடு கட்டுறியே. தீக்குச்சிய தீப்பெட்டிக்குள்ள குடி வைக்கிற கதையாவுல்ல இருக்கு."

"தண்ணி மேலதான மதினி இருக்கப் போறோம். அடியில ஈரம் இருந்துக்கிட்டேதான இருக்கும்."

"ஈரம் இருந்தா தாளு என்னத்துக்கு ஆவும்?"

பாண்டிமீனா அடுத்த தாளை எடுத்தாள். அறுபத்தோராம் நாள் அச்சைத் தட்டி எடுத்தபோது படகு காயப்போட்ட மேடையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. கம்பெனி வண்டிகளுக்கு எழுதுகிற பெயிண்டரைக் கூப்பிட்டுப் பக்கவாட்டில் ஊர்ப்பெயர் எழுதச் சொன்னார்கள். அவர் ஊர்ப்பெயரை எழுதிவிட்டு, கை பழக்கத்தில் அதற்கடியில் சிவப்பு எழுத்தில் "அபாயம், வெடிபொருள், தீயை அருகே கொண்டுவராதே" என்றும் எழுதினார். அங்கே எல்லாவற்றின் மீதும் அப்படித்தான் எழுதியிருக்கும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

மலைக்கு இழுத்துப் போக உக்கிரபாண்டி தன் டிராக்டரையும் டிரெய்லரையும் கொண்டுவந்தான். அவன் மழையில்லாமல் இரண்டு ஆண்டாக விதை போடாத சம்சாரி. மலைமேல் மேகம் ரோட்டில் வந்து நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். நேரில் பார்த்தால் அதனிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது என்றான். அவன் ஊர்ச் சாலைகள் எல்லாம் நூல் பிடித்ததைப் போல நேராகப் போகிறவை. கோயில் முக்கில் திரும்புவதைத் தவிர ஸ்டியரிங்கை அதிகம் ஒடித்ததில்லை. எட்டுக் கயிறு போட்டுப் படகை டிரெய்லரோடு இறுக்கிக் கட்டினார்கள். மேலே போய்விடாமல் இருப்பதற்காகக் கட்டியது. விருதுநகர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சமவெளியில் போன அன்று முழுக்கப் படகு டிரெய்லரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டே வந்ததால், வழக்கமாக ஆகிற டீசலில் பாதிதான் ஆனது.

மறுநாள் காலை மலையடிவாரச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"கோடைக்காலம், காடு காஞ்சு கிடக்கு. வெடிபொருளை ஏத்திக்கிட்டு மேல போறீங்களா?"

"எளுதியிருந்தா வெடிச்சிருமாய்யா?" என்று வெள்ளைத்தாய் டிரெய்லரில் இருந்தபடியே கேட்டாள். "எங்க ஊருல பால்வாடிச் செவுத்துலயும் இப்பிடித்தான் எளுதியிருக்கு. பிள்ளைக நல்லாத்தான் இருக்குதுக."

காவலர் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். நாட்காட்டி முருகனும் லட்சுமியும் அவரைப் பார்த்தார்கள். மருந்து வாசனை இல்லை. பசை வாசனைதான் இருந்தது.

"கயிறு ஏன் எல்லாம் மேல பாத்து விறைச்சு நிக்குது?"

"அவுத்துவிட்டா பறந்துரும்," என்றான் உக்கிரபாண்டி.

பறக்கிற சாமானைப் பற்றி அவரிடமிருந்த தாளில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தீப்பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிட்டார். சிவகாசிப் பக்கத்து ஆட்களிடம் பயணத்தில் தீப்பெட்டி இருப்பதில்லை.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே டிரெய்லரோடு மலையேறுவது என்ன என்பது உக்கிரபாண்டிக்குத் தெரிந்தது. டிராக்டர் வளைந்துவிட்டது, பின்னால் வந்த டிரெய்லர் வளையாமல் உள்பக்கச் சுவரில் போய் முட்டியது. பின்னுக்கு எடுக்க ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போனது, வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் பள்ளத்தைப் பார்த்துப் போனது. வெள்ளைத்தாய் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

"ஏலே, எங்கிட்டுலே திருப்புற? நான் இங்கன நிக்கேன், கண்ணு தெரியலையா?"

"நான் சொல்றது ஒண்ணு, அது செய்றது ஒண்ணு. உங்க குடும்பத்துக்குன்னே செஞ்ச வண்டியா இருக்கு அக்கா!"

பின்னால் பேருந்தும் கார்களும் நின்று ஒலி எழுப்பின. கொக்கியைக் கழற்றி, டிரெய்லரைக் கையால் தள்ளி நேராக்கி, மறுபடி மாட்டி, ஒவ்வொரு வளைவையும் அப்படித்தான் கடந்தார்கள். மூன்றாவது வளைவில் கயிறுகள் தளர்ந்தன. டம் டம் பாறை நிறுத்தம் தாண்டியதும் காற்று ஈரமாகிக் குளிர்ந்தது. ஆறாவது வளைவில் டிராக்டர் திணறியது. ஏழில் கறுப்புப் புகை கக்கியது. ஒன்பதாவது வளைவில் மேகம் ரோட்டுக்கு வந்து நின்றது. உக்கிரபாண்டி சொல்லிவைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோய் வண்டியை நிறுத்தினான். அப்போது படகு, செய்து முடித்த நாளிலிருந்து முதல் முறையாக, டிரெய்லர் தளத்தில் 'தொப்' என்று உட்கார்ந்தது.

வெள்ளைத்தாய் படகின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். குழாய் காய்ந்திருக்கிறதா என்று கம்பெனியில் அப்படித்தான் பார்ப்பார்கள். காய்ந்திருந்தால் நகம் வழுக்கும். இப்போது தடம் விழுந்தது. பிறைபோல விழுந்த அந்தத் தடத்தை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரு வளைவு போனா கூளு," என்றாள் வெள்ளைத்தாய். அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. "ஏரிக்குப் போய்ச் சேந்தா கரைச்சு ஊத்திட்டு வர வேண்டியதுதான்."

ஏரிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது. பாண்டிமீனா ஓரச்சுவரில் உட்கார்ந்தாள். மேலே போனால் படகு இல்லை. கீழே போனால் அவன் இல்லை. அவள் அறுபது நாளையும் ஆறு ஆண்டையும் சேர்த்து அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்தாள். வளைவுகளில் மட்டும் அங்கே சிக்னல் கிடைக்கும்.

"ஏங்க, ஒம்பதாவது வளைவுல நிக்கோம். இதுக்கு மேல படகு ஏறாது. நீங்க எறங்கி வாங்க."

அந்தப் பக்கம் தண்ணீர் சலசலப்பது கேட்டது.

"காடு பூரா காஞ்ச சருகு மீனா. நான் நடந்து வந்தா மலையே எரியும்."

"ரோட்டோரத்துல வாய்க்கா போகுதுல்ல? ஊத்துத்தண்ணி ஓடுது, பாத்துக்கிட்டேதான் வந்தேன். அதுக்குள்ளயே கால வச்சு வாங்க."

"படகு தாளுதான? அதுல எப்பிடி நான்…"

"நீங்க வாங்க. வந்து பாப்போம்."

அவன் பதினொரு மணிக்குக் கிளம்பினான். முழு அகலம் ஒன்றரை அடி உள்ள அந்த வாய்க்காலில், வெறுங்காலோடு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் நடந்தான். வாய்க்கால் சிமெண்டுப் பாலத்துக்கடியில் போன இடங்களில் குனிந்து ஊர்ந்தான். எதிரே வந்த வண்டிகள், விரித்த குடையைப் போலத் தலைக்கு மேலே ஆவி பறக்க நடந்து வந்த ஆளைப் பார்த்து ஒதுங்கிப் போயின. கடைசி நூறடியில் வாய்க்கால் வறண்டிருந்தது. இடுப்பில் கட்டி வந்திருந்த குடத்தை அதற்கு முன்பே வாய்க்காலில் நிரப்பி, அங்கே காலடிக்குக் காலடி ஊற்றிக்கொண்டே வந்தான். குடம் தீர்ந்தபோது இருபதடி மிச்சம் இருந்தது. அந்த இருபதடியையும் அவன் ஓடினான். மூன்றரை மணிக்கு ஒன்பதாவது வளைவில் வந்து நின்றபோது அவன் சட்டைக் கையில் புகை வந்துகொண்டிருந்தது.

வெள்ளைத்தாய் ஆறு ஆண்டாகத் தம்பியைப் பார்க்காதவள். கிட்டப் போனவள் முகத்தில் அனல் அடித்து நின்றாள்.

"ஊர்ல எல்லாரும் நீ கொதிச்சுக்கிட்டு இருக்கேன்னாக. கொதிச்சுக் கொதிச்சுப் பாதியா வத்திப் போயிட்டியேலே."

"நீ நல்லாருக்கியாக்கா," என்று கேட்டுவிட்டு அவன் பாண்டிமீனாவைப் பார்த்தான். அவள் படகைக் காட்டினாள்.

செல்லப்பாண்டி காலை உள்ளே வைத்தான். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததைப் போல 'சுர்' என்றது. வெள்ளை ஆவி கிளம்பிப் படகை மூடியது. உக்கிரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். ஆவி விலகியபோது படகு எரிந்திருக்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த லட்சுமியின் சேலை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. தீப்பிடிக்க முடியாத அளவுக்கு ஈரமும், கூழாகிப்போகாத அளவுக்கு உலர்வும் அந்தப் படகில் அந்த ஒரு வளைவில்தான் இருந்தது. ஒரு வளைவு கீழே என்றால் எரிந்திருக்கும். ஒரு வளைவு மேலே என்றால் கரைந்திருக்கும். அவன் நடுவில் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து அவன் சூடு உலர்த்தியது, வெளியேயிருந்து மேகம் நனைத்தது. படகு பெருமூச்சு விடுவதைப் போலத் தளத்தைவிட்டு எழும்பியது. கயிறுகளை அவிழ்த்து வைத்திருந்தார்கள். ஓரச்சுவரைத் தாண்டி அது மெல்லப் பள்ளத்தாக்கின் மேல் நகர்ந்து, கீழே நிறைந்திருந்த மேகத்தின் மீது போய் நின்றது.

பாண்டிமீனா ரோட்டில் நின்றாள். அவளுக்கும் படகுக்கும் இடையில் இரண்டு கை நீளம் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை அவள் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே நீளம். அவள் சுவரில் ஏறி, சேலையை இடுப்பில் செருகினாள்.

"ஏ புள்ள, கீள பாக்காத!" என்று வெள்ளைத்தாய் கத்தினாள்.

அவள் கீழே பார்க்கவில்லை. தாண்டினாள். படகு ஒருமுறை ஆடி, பிறகு நின்றது. உக்கிரபாண்டி ஒரு கயிற்றை எறிந்து, மறுமுனையை, எதிரே வரும் வண்டியைக் காட்ட வளைவில் நட்டிருந்த குவியாடிக் கம்பத்தில் கட்டினான். படகுக்குள் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையை நீட்டவில்லை. அவள்தான் எடுத்தாள். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த எந்த ஆம்பளையின் கையும் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவள் விடவில்லை. கொப்புளமும் வரவில்லை.

அந்த வளைவில் டிராக்டரைத் திருப்ப இடமில்லை. அதனால் உக்கிரபாண்டி வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மீதி ஒன்பது கிலோமீட்டரும் ஏறி, ஏரியைச் சுற்றித் திரும்பி வர வேண்டியதாயிற்று. போனதுதான் போனோம் என்று வெள்ளைத்தாய் சீட்டு வாங்கி அரை மணி நேரம் மிதிபடகு ஓட்டினாள். மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம், இதற்குத்தானா இம்புட்டுப் பேர் வருகிறார்கள் என்று இறங்கி வந்து தம்பியிடமும் அவன் பெண்டாட்டியிடமும் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு கோடை வந்துவிட்டது. மதியத்தில் மேகம் கலைந்து பள்ளத்தாக்கு அடிவரைக்கும் தெரியும்போதும் படகு அங்கேயேதான் நிற்கிறது. அதற்கு இடம் பழகிவிட்டது. முதலாளி ஜெயச்சந்திரன் ஆண்டுதோறும் மீந்த நாட்காட்டிகளை ஒரு கட்டாக அனுப்பிவைக்கிறார். தை மாதம் பாண்டிமீனா ஓர் அடுக்குப் புதிதாக ஒட்டுகிறாள், செல்லப்பாண்டி கையாலேயே தடவிக் காயவைக்கிறான். அவர்கள் இன்னும் ஏரியில் ஒன்றாகப் படகு விட்டதில்லை, இனி விடவும் முடியாது. வானம் தெளிந்த நாட்களில் அவள் மேலே ஏரி இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கீழே, வெயிலில் மங்கித் தெரியும் சமவெளியில் தன் ஊர் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பான். இருட்டுவதற்குள் இருவரும் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் குவியாடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம் நட்டு, கயிற்றை அதற்கு மாற்றச் சொன்னார்கள். சாமான் கொண்டுவருகிறவர்களும் பார்க்க வருகிறவர்களும் பெருகியதால் வத்தலக்குண்டிலிருந்து போகும் பேருந்துகள் அங்கே ஒரு நிமிடம் நிற்கின்றன. டம் டம் பாறைக்கு ஆகிற கட்டணத்தைவிட ஐந்து ரூபாய் கூடுதல். எட்டாவது வளைவு திரும்பியதும் நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "படகு எறங்குறவுக எல்லாம் முன்னாடி வாங்க," என்பார்.